மாமன் எடுத்த பாவாடை

…அளவெடுத்தால்தானே மாட்டிக்கொள்வோம், எடுக்காமல் விட்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று புவனேஸ்வரி பட்டுத்துணியின் மேல்விளிம்பை மடித்து மெஷினில் கொடுத்தாள், வருடக்கணக்காகப் பிள்ளையைக் கண்ணால் பார்க்காத தாய்மாமன் இடுப்பளவு தெரிந்தா பாவாடை எடுப்பான், அதனால்தான் எலாஸ்டிக், எலாஸ்டிக் வைத்தால் எந்த இடுப்புக்கும் உட்கார்ந்துவிடும், நாளைக்குச் சுகன்யாவின் சடங்கில் மாமன் சீர்த்தட்டில் இதுதான் இருக்கப்போகிறது, வரமாட்டேன் என்று சொல்லிவிட்ட மாமனின் சீர்… கதவைச் சாத்தினோமா? சாத்தியாயிற்று. மாமியார் தாடிக்கொம்புப் பெருமாளுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருக்கிறாள், புருஷன் பிரபு பந்தல்காரனைத் தேடிப் போயிருக்கிறான், வயதுக்கு வந்த மகள் உள் அறையில் செல்போனைத் தடவிக்கொண்டு கிடக்கிறாள், இந்த வீட்டில் இவ்வளவு அமைதி கிடைப்பதே அபூர்வம், அதையும் ஒரு திருட்டுத்தனத்துக்குத்தான் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

போனில் அண்ணன் சடையாண்டி எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான், "ஏத்தா, அன்னைக்கு முகூர்த்த நாளு, மல்லி வெல ஏறிக் கெடக்கு, பூவச் செடியில விட்டுட்டு எப்புடி வாரது, பொறவு ஒரு நா வந்து பிள்ளையப் பாத்துக்கிறேன்." பூவாம் பூ. யார் மண்ணில் பூத்த பூ? சாணார்பட்டியில் அப்பா விட்டுப்போன நிலத்தில் கிணற்றை ஒட்டிய பாதி அவளுடையது, மல்லி நிற்பது அந்தப் பாதியில்தான், அதை எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவளும் அவள்தான், எழுதிக் கொடுத்த மண் இப்போது பூத்துக் குலுங்கி அவனை வரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது, வயிறு எரியாதா? பத்திர ஆபீஸுக்குக் கூப்பிட்ட அன்றைக்கு எவ்வளவு தேன் ஒழுகியது அந்தக் குரலில், "நேரத்தோட வந்துருத்தா, பாகத்த வாங்கிட்டுப் போனா நீ யாரோ நான் யாரோ, கையெழுத்துப் போட்டேன்னா நாளைக்கு உம் மகளுக்கு முன்னால சீர் தூக்கிட்டு நிக்கப்போறது நாந்தான்." பிரபு படித்துப் படித்துச் சொன்னான், "போடாத, போட்டேன்னா அதோட உன்னய மறந்துருவாய்ங்க." எங்க அண்ணனப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும் என்று சண்டைக்குப் போனாள், மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நல்லவேளை, அந்தப் பிரபுவும் ஒன்றும் யோக்கியன் இல்லை, அவளைப் போடாதே என்று சொன்ன அதே வாயால் இப்போது தன் தங்கை அய்யம்மாளிடம் இந்த வீட்டில் பங்கு வேண்டாமென்று கையெழுத்துக் கேட்டு நடையாய் நடக்கிறான், ஆம்பளைகளுக்கு நியாயம் வீட்டுக்கு வீடு மாறும்போல… ஆனாலும் நாளைக்குத் தட்டு வெறுமையாக இருந்தால் பிரபு ஒரு வார்த்தை பேசமாட்டான், சும்மா பார்ப்பான், அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியாது.

துணி மட்டும் பொய்யில்லை. கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததும் அண்ணன் நீட்டிய பைக்குள் இருந்த அரக்குப் பட்டுச்சேலைதான் இது, பாதி நிலத்துக்கு ஒரு சேலை, அதை ஒருநாளும் உடுத்தவில்லை, பீரோவின் அடியில் போட்டு மூடி வைத்தாள், இன்று கத்தரியை வைத்ததும் நறுக்கென்று போனது, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆக மாமன் எடுத்த துணிதானே, யார் என்ன சொல்ல முடியும்? கடைப் பையைக்கூடக் கசங்காமல் வைத்திருக்கிறாள். எலாஸ்டிக்கின் முனையில் ஊக்கைக் குத்தி மடிப்புக்குள் விட்டு, விரலால் தடவித் தடவி நகர்த்தினாள், முக்கால்வாசி தூரம் போனதும் பின்னால் இருந்த வால் சரக்கென்று உள்ளே போய்விட்டது, சனியன், அதை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை, ஒரு முனையை இழுக்கிற அவசரத்தில் மறுமுனையை விட்டுவிடுவது அவளுக்குப் புதிதா என்ன… மறுபடி உருவி, இந்தத் தடவை வாலைத் துணியோடு சேர்த்து இன்னொரு ஊக்கால் குத்திவிட்டு, முதலிலிருந்து.

சுகன்யா எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். "பீரோல இருந்த சேலதானம்மா இது?" இந்தப் பிள்ளைக்கு எத்தனை கண். மாமா எடுத்தது என்றாள் புவனேஸ்வரி, யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும், சரியா? "அப்ப மாமா வரலையா?" புவனேஸ்வரி எலாஸ்டிக்கின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்து, இடைவெளியை மூடி, நூலைப் பல்லால் கடித்து, போட்டுப் பாரு என்று நீட்டினாள். போட்டுக்கொண்டு நின்றாள் பிள்ளை, சுருக்கம் இடுப்பைச் சுற்றி அழகாகத்தான் விழுந்தது, கடையில் வாங்கியதேதான், ஒரு குறை சொல்ல முடியாது, அழுகை ஏன் வருகிறது இப்போது?

போன் அடித்தது. அய்யம்மாள். "மதினி, மாமன் சீரு வந்துருச்சா?" வந்துருச்சு அய்யம்மா, அண்ணனுக்குப் பூ வேலை, பட்டுப் பாவாடை குடுத்து விட்டிருக்கு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள், இத்தனை சுலபமா பொய்? மறுமுனையில் அய்யம்மாள் பெருமூச்சு விட்டாள். "அதக் கேக்கத்தான் மதினி போட்டேன். கையெழுத்துப் போட்ட பொறவும் உங்க அண்ணன் விட்டுக்குடுக்கல பாத்தீங்களா. நாந்தான் பயந்துக்கிட்டுக் கெடந்தேன். எங்க அண்ணங்கிட்டச் சொல்லிருங்க, சடங்கு முடியவும் நானும் வந்து போட்டுத் தாரேன்."

போடாத அய்யம்மா. அவ்வளவுதான் சொல்ல வேண்டும், இரண்டே வார்த்தை, சொன்னால் ஏன் என்பாள், ஏன் என்றால் தட்டு, தட்டு என்றால் அண்ணன், பிரபு, மாமியார், எல்லாம் நூல் பிரிந்து வரும்… சொல்லாவிட்டால் இந்த வீடு முழுசாகப் பிரபுவுக்கு, பிரபுவுக்கு என்றால் அவளுக்கும்தானே. "மதினி? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்… நேரத்தோட வந்துரு அய்யம்மா" என்றாள் புவனேஸ்வரி, அவ்வளவு அன்பாக.

வைத்த பிறகுதான் அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கு உறைத்தது. அய்யம்மாள் பெயர் திரையில் இன்னும் அணையாமல் இருந்தது, திரும்பக் கூப்பிடலாம், ஒரு தொடுகைதான். கட்டைவிரல் அதன்மேலேயே நிற்க, இடுப்பு இறுக்குதும்மா என்று சுகன்யா சொல்வது காதில் விழுந்தது.