அச்சில் ஏறிய தெருக்கள்

மாரீஸ்வரி எழுதிய பயண வழிகாட்டியில் ஓர் இடத்தின் பெயர் அச்சாகிவிட்டால், அதன்பிறகு அந்த இடத்துக்குள் மாரீஸ்வரியால் மட்டும் போக முடியாது. மற்றவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. முதலில் கைவிட்டுப் போனது மாட்டுங்கா. அங்கே ஒரு கல்லூரியில் அவள் புவியியல் கற்பித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் கடைக்கு வந்த காலையில், எந்தத் தெருவில் திரும்பினாலும் அது அவளை ரயில் நிலையத்திலேயே கொண்டுவந்து விட்டது. சில நாள் முயன்றுவிட்டு ராஜினாமாவைத் தபாலில் அனுப்பினாள். செம்பூரும் கைவிட்டுப் போன பிறகு, தங்கை மகள் கல்யாணம் அங்கே நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு பிளாட்பாரத்துக்கு வந்து, அவள் காலில் விழுந்து எழுந்து, மண்டபத்துக்குத் திரும்பினார்கள். லோக்கல் ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள்.

வீட்டில் எழுதுவதை விட்டுவிடச் சொன்னார்கள். ஆனால் திருநெல்வேலிப் பக்கமிருந்து புதிதாக வந்திறங்குபவர்கள் அந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஊரில் நடந்தார்கள். அவள் விடவில்லை, களைத்துப்போனாள், அவ்வளவுதான். பாந்த்ராவும் கொலாபாவும் போயின. கடைசியில் அவளுக்கென்று மிஞ்சியது தாராவியில் அவள் குடியிருந்த சந்தும் அதைச் சுற்றிக் கொஞ்சமும்.

அந்தச் சந்தில் தோல் பை தைக்கும் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. கீழ்த்தளத்தில் பட்டறை வைத்திருந்த சஃபீனா ஒருநாள் ஏணியேறி மேலே வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம கல்லிய, இந்தச் சந்த பத்தி எழுதுங்கக்கா. நாலு கிராக்கி உள்ள வரும்."

"எழுதுனா நான் உள்ள வர முடியாதுல்லா, சஃபீனா?"

"தெரியும்க்கா. அதான் இத்தன நாளும் கேக்கதுக்கு வாய் வரல."

ஜன்னலோரம் படுத்திருந்த அவள் கணவன் இசக்கிப்பாண்டிதான், "எழுதிரு. வடாலாவுல வீடு பாப்போம். எனக்கும் இந்த ஏணியில ஏறி ஏறி முட்டு போச்சு" என்றான். அவன் முட்டியில் ஒரு நோவும் இல்லை என்பது மூவருக்கும் தெரியும்.

புத்தகம் அச்சுக்குப் போன அன்று சாமான்களை டெம்போவில் ஏற்றினார்கள். சந்து முனையில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அதற்குத் தெம்பில்லை. மழைக்காலம் முடிந்ததும் ஆட்கள் புத்தகத்தோடு வரத் தொடங்கினார்கள். மூடிய பட்டறைகள் சில திறந்தன. சஃபீனா இன்னும் இரண்டு தையல் மெஷின் போட்டாள்.

ஒரே ஒருமுறை மாரீஸ்வரி ஆசைப்பட்டுப் பழைய சந்துக்குப் போனாள். சந்து முனையில் இருந்த மசூதியை ஒட்டி நுழைந்து, பட்டறை இருக்கும் பக்கம் திரும்பி, சயான் ஸ்டேஷனில் வெளியே வந்தாள். அவள் போனில் சொன்னதைக் கேட்டு சஃபீனா பிளாஸ்கில் டீயோடு அங்கே வந்து சேர்ந்தாள்.

"பட்டறை இப்ப எப்படி இருக்கு?"

"நீங்க எழுதுன மாரியேதான் இருக்குக்கா. கதவு மட்டும் பச்ச அடிச்சிருக்கோம்."

"என்ன பச்ச?"

சஃபீனா சுற்றிலும் தேடி, தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஓர் ஆளின் சட்டையைக் காட்டினாள். அந்தச் சட்டை கூட்டத்தில் மறையும்வரை மாரீஸ்வரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வடாலாவில் இருக்கிறாள். புதிய பதிப்பில் மோனோரயில் செம்பூரில் கிளம்புகிறது. வடாலா உட்பட, வழியில் எங்கெங்கே நிற்கும் என்று எழுதவில்லை. பதிப்பாளர் கேட்டதற்கு, அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை என்றாள். வடாலாவுக்கு யாராவது வழி கேட்டால் ஸ்டேஷனில் இறங்கி நிற்கச் சொல்கிறாள். இசக்கிப்பாண்டி செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கூட்டிவருகிறான்.