மீட்டரிடம் கேட்காத கேள்வி

நாற்பத்தாறு சர்க்யூட் போர்டும் சிவப்பு என்று சோதனைத் திரை காட்டியதும் வேலாயுதம் அண்ணன் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். உடம்பின் மின்சாரம் போர்டைக் கெடுத்துவிடாமல் இருக்க மாட்டும் பட்டை. பத்தொன்பது வருடமாகச் சாப்பிடப் போகும்போதும் வீட்டுக்குப் போகும்போதும்தான் அதைக் கழற்றுவார். அன்று மணி பத்தரைதான் ஆகியிருந்தது.

மேனேஜர் கேவின் எச்சரிக்கைக் கடிதத்தோடு வந்துவிட்டார். அண்ணனுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை. மூன்றாவது என்றால் வேலை இல்லை.

"மூணு மணிக்கு லோரி சரக்கோட போர்ட் கிள்ளான் போகணும். சால்டரிங் உங்க பெஞ்சுதானே அண்ணே. சைன் பண்ணுங்க."

"மெஷினு பொய் சொல்லுமா," என்று அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

எனக்குக் கோபமாக வந்தது. இவர் ஒரு போர்டில் தவறு செய்யலாம். வரிசையாக நாற்பத்தாறில் செய்ய இவருக்கு வராது.

"பத்து நிமிஷம் குடுங்க பாஸ்."

"பத்துதான் ஷாமினி."

சோதனை நிரல் நான் எழுதியது. வோல்ட் அளக்கும் மீட்டரிடம் அளவு கேட்கும். சரி என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. எண்ணைக் காட்டத் தேவையில்லை என்று முடிவு செய்த புத்திசாலியும் நான்தான். இப்போது காட்டச் சொன்னேன். ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் புள்ளிக்குப் பின்னால் பூஜ்ஜியமாகவே ஓடியது. எவ்வளவு கெட்ட போர்டும் இப்படிக் கெடாது.

மீட்டர் நாம் கேட்டால்தான் பேசும், அதுவும் கட்டளையின் முடிவில் கேள்விக்குறி இருந்தால்தான். FORM:BORD? என்று அடித்தேன். எண்ணின் எட்டு பைட்டையும் எந்த முனையிலிருந்து அனுப்புகிறாய் என்று அர்த்தம். NORM என்றது, அதாவது தலையிலிருந்து. என் நிரலோ SWAP என்று நம்பி, எல்லா எண்ணையும் வாலிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை, வேகத்தைக் கூட்டுகிறேன் பேர்வழி என்று, காப்பாரில் என் வீட்டிலிருந்தபடியே, மீட்டர் அனுப்பும் எண்களை எழுத்திலிருந்து பைட்டுக்கு மாற்றினேன். அதை நிரலில் எழுதினேன். பைட்டின் வரிசையை மட்டும் நிரலில் எழுதாமல் மீட்டருக்குக் கையால் தட்டிச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். ஞாயிறு கரண்ட் போனது. மீட்டர் அதை மறந்துவிட்டது.

"யாரு மாத்தினது?" கேவின் கேட்டார்.

பழியைக் கரண்ட்மேல் போடலாம். கரண்டுக்கு யாரும் எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பதில்லை.

"நான்தான். அண்ணன் இல்ல. லெட்டர்ல என் பேரைப் போடுங்க."

 வரிசையைச் சொல்லும் விட்டுப்போன வரியை நிரலில் எழுதி மறுபடி ஓட்டினேன். பச்சை. பச்சை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இம்முறை எண்ணும் வந்தது. நாற்பத்தைந்து வரைக்கும் பச்சைதான். கடைசியில் ஒன்று சிவந்தது: 4.31.

மூவரும் பார்த்தோம். அண்ணன் குனிந்து எண்ணை இரண்டு தடவை வாசித்தார்.

"இது என்னுது," என்றார்.

கையெழுத்துப் போட்ட கடிதம் இன்னும் கேவின் கையில்தான் இருந்தது. அண்ணன் அதைப் பார்க்கவில்லை. பட்டையை எடுத்து மணிக்கட்டில் மாட்டி, அந்த ஒரு போர்டைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார்.