வலது கைப்பக்கம் இருந்த லேப்டாப்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பத்துக்கு எட்டில் ஒரு மொபைல் சர்வீஸ் கடை வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் உலகத்தில் எந்தக் கம்பெனி என்ன லேப்டாப் விடப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான் பிரிட்டோ. சிரிக்காதீர்கள். சொன்னது பலித்தது. அதுதான் அவனுக்கு வினையாகவும் முடிந்தது.

அவனுக்குச் சோறு போட்டது என்னவோ உப்பளத்து ஆட்களின் போன்கள்தான். உப்புக்காற்று பட்டுப் பட்டு சார்ஜ் போடுகிற ஓட்டை பச்சை பிடித்துப்போய் வரும். பழைய டூத்பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்துச் சுரண்டிக் கொடுத்து நூறு ரூபாய் வாங்குவான். மத்தியானம் கடையில் ஈ ஆடும்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, செல்போனை ஸ்டாண்டில் மாட்டி, ‘மரக்காணம் டெக்’ சேனலுக்குப் பேச உட்கார்ந்துவிடுவான். "மக்களே, அவசரப்பட்டு எதையும் வாங்கிடாதீங்க" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பான். பதினோராயிரம் பேர் அதைக் கேட்டுக்கொண்டு வாங்காமல் இருந்தார்கள்.

இதில் ஜோசியம் எதுவும் இல்லை. புது மாடலை விற்பதற்கு முன்னால் கம்பெனிக்காரன் ஒவ்வொரு நாட்டிலும் அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பட்டியலில் மாடல் நம்பர் வந்துவிடும். பழைய மாடலுக்குக் காரணமே இல்லாமல் நாலாயிரம் ஐயாயிரம் விலை குறையும். பெரிய கடைகளில் ஸ்டாக் தீர்ந்தபிறகு மறுபடி சரக்கு வராது. இந்த மூன்றையும் முடிச்சுப் போட்டுப் பார்த்துத் தேதி சொல்வான். மூன்று தடவை நாள் பிசகாமல் சொல்லியிருந்தான். தப்பாகப் போன இரண்டு வீடியோக்களைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டான். தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது பையனுக்கு.

ஷஃபி கூனிமேட்டுக்காரன். ஆறாம் வகுப்பிலிருந்து பிரிட்டோவும் அவனும் ஒரே பெஞ்ச். இப்போது துபாயில் ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் அவனுக்கு லீவு. அந்த வருஷம் ஆகஸ்ட் இருபதாம் தேதி வருவதாக இருந்தான். தங்கை ஆஸிஃபா பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருந்தாள், அவளுக்கு ஒரு லேப்டாப் வாங்கிக்கொண்டு வருவதாகப் பேச்சு.

ஜூலை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை துபாயில் ஒரு லேப்டாப் கடைக்குள்ளிருந்தே வீடியோ காலில் வந்தான் ஷஃபி. முன்னால் மேஜையில் இரண்டு லேப்டாப்கள் திறந்திருந்தன.

"டேய், இடது கைப்பக்கம் இருக்கிறது வெயிட் கம்மி, எட்டு ஜிபி. வலது கைப்பக்கம் பதினாறு ஜிபி. ஆனா சார்ஜரு செங்கல்லு கணக்கா இருக்குது. ரேட்டு ஒண்ணுதான். எத எடுக்கட்டும்? கடைக்காரன் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்கான், சீக்கிரம் சொல்லு."

வலது கைப்பக்கம் இருப்பதை எடு. அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் பதில். காலேஜ் பெண், புரோகிராம் எழுதப்போகிறாள், பதினாறு ஜிபி தாராளம், சார்ஜர் கனமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். தெருவில் போகிறவர் யார் கேட்டிருந்தாலும் பிரிட்டோ அரை நிமிஷத்தில் இதைச் சொல்லி அனுப்பியிருப்பான்.

ஆனால் படுபாவிக்குப் புத்தி வேறு எங்கோ போனது. செப்டம்பர் கடைசியில் அதே கம்பெனி புது மாடல் விடுகிறது என்று இரண்டு நாள் முன்னால்தான் வீடியோ போட்டிருந்தான். அது இந்தியாவுக்கு வர டிசம்பர் ஆகும்; துபாயில் அக்டோபர் முதல் வாரமே கிடைத்துவிடும். ஷஃபி அக்டோபரில் வந்தால் சீல் உடைக்காத பெட்டி தன் கைக்கு வரும். தமிழில் முதல் ஆளாகப் பிரித்துக் காட்டலாம். சென்னையில் ஏசி ரூமில் உட்கார்ந்து பேசுகிறவன்கள் எல்லாம் யாருடா இந்த மரக்காணத்தான் என்று கேட்க வேண்டும். இவ்வளவும் ஒரு நொடியில் அவன் மண்டைக்குள் ஓடியது.

"ரெண்டையும் வெச்சிட்டு வெளிய வாடா," என்றான். "ரெண்டு மாசத்துல புதுசு வருது. இப்ப வாங்குறவன் ஏமாளி."

"அப்ப என் லீவு?"

"தள்ளிப் போடேன். ரெண்டு மாசந்தானே?"

"அத்தா எதிர்பாத்துக்கினு இருக்காருடா."

"அத்தா எங்கடா போயிடப்போறாரு?"

ஷஃபி கொஞ்சம் யோசித்தான். "நான் ஆகஸ்ட்ல வந்துட்டுப் போயிடறேன். அக்டோபர்ல ஊருக்கு வர்ற ஆளு யார்கிட்டயாவது பொட்டிய குடுத்து வுடறேன்."

அங்கேயாவது பிரிட்டோ வாயை மூடிக்கொண்டு சரியென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வேற ஆளுன்னா ஏர்போர்ட்ல பிரிச்சிப் பாப்பாங்க, டூட்டி கேப்பாங்க, எங்கயாவது போட்டு ஒடைப்பாங்க. உன் தங்கச்சிக்குடா வாங்குற. நீயே எடுத்துட்டு வா," என்றான்.

ஷஃபி தன் லீவை அதே குடோனில் வேலை செய்த ஒரு மலையாளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அவனுடைய அக்டோபர் லீவை வாங்கிக்கொண்டான். லேப்டாப்புக்காக லீவைத் தள்ளினேன் என்று வீட்டில் சொன்னால் அம்மா விடமாட்டார். அதனால் கம்பெனி லீவு தரவில்லை என்று சொல்லிவிட்டான்.

செப்டம்பர் பதினோராம் தேதி காலை, கூனிமேட்டில் தன் தார்ப்பாய்க் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்த நசுருதீன் பாய் அப்படியே சாய்ந்தார். உப்புக் குவியல் மூடுவதற்குப் படுதா வாங்க வந்த ஆட்கள்தான் அவரை வண்டியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. பாய்தான் ஷஃபியைப் பெற்ற அத்தா.

இறந்தவர் உடலை, மய்யித்தை, வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று சொல்லிவிட்டார்கள். எந்தப் பிளைட் பிடித்தாலும் ஷஃபியால் மறுநாள் காலைதான் வந்திருக்க முடியும். அதற்கும் வழியில்லை, மாற்றி லீவு வாங்கிய மலையாளி ஊரில் இருந்தான், குடோனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அழுதுகொண்டே பிரிட்டோவுக்குப் போன் செய்தான்.

"நீ போன புடிடா. மத்தவங்க புடிச்சா ஆடும். நீ புடிச்சாத்தான் எனக்கு நல்லா தெரியும்."

கூட்டத்தோடு கபருஸ்தானுக்குப் போனான் பிரிட்டோ. கபர்க் குழியின் ஓரத்தில் நின்று இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டான். உள்ளே இறக்கும்போது, "கொஞ்சம் கிட்ட போடா, மொகம் தெரியல, மொகம் தெரியல," என்று ஷஃபி கத்தியது சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. பிறகு, "எனக்குப் பதிலா நீ மூணு புடி மண்ணு போடுடா," என்றான். ஜமாத்துப் பெரியவர் ஒருவர் தலையசைத்தார். போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பிரிட்டோ குனிந்து மண்ணை அள்ளினான். அத்தா எங்கடா போயிடப்போறாரு என்று தான் சொன்னது ஒவ்வொரு பிடிக்கும் ஒருமுறை அவன் காதில் விழுந்தது.

செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதி அந்தக் கம்பெனி புது லேப்டாப்பை வெளியிட்டது. பிரிட்டோ சொன்ன வாரம், சொன்ன சிப், சொன்ன விலை. சேனலில் கமெண்ட்டுகள் கொட்டின. ‘அண்ணா நீங்க சொன்னா சொன்னதுதான்’, ‘தலைவா, நீ மனுஷனே இல்ல’. அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். வாழ்க்கையில் முதல்முறையாக, தன் கணக்கு தப்பியிருக்கக் கூடாதா என்று ஏங்கினான். தப்பியிருந்தால் ஏதோ அறியாமல் சொல்லிவிட்டேன் என்றாவது தன்னைத் தேற்றிக்கொண்டிருப்பான்.

சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு மாதா கோயிலில் வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் நாலு பேர். போன மாதம்தான் பங்குச் சாமியார் அவனைக் கூப்பிட்டு, எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்டிருந்தார். அவருக்கும் அவன் காத்திருக்கத்தான் சொல்லியிருந்தான். அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று வந்த வழியே திரும்பிவிட்டான்.

அக்டோபர் பத்தாம் தேதி ஷஃபி வந்தான். மறுநாள் காலை மழை விட்டதும் பிரிட்டோ பைக்கில் கூனிமேட்டுக்குப் போனான். வழியெல்லாம் பாத்திகளில் மழைத்தண்ணீர் தேங்கி, உப்பளத்தில் ஒரு ஆள் இல்லை. துக்கம் கேட்டுவிட்டு உடனே கிளம்பிவிடலாம் என்றுதான் போனான்.

முன்னறையில் ஷஃபி தனியாக உட்கார்ந்திருந்தான். பாதியாக இளைத்திருந்தான். உள்வாசலில் பச்சைத் திரை தொங்கியது. ஷஃபியின் அம்மா கரீமா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் கண்ணில் படுவதில்லை. எத்தனையோ நாள் பிரிட்டோவுக்குத் தட்டில் சோறு வைத்தவர்தான், இருந்தாலும் இப்போது அவனும் வெளி ஆள்தான்.

கட்டிக்கொண்டு அழுது முடித்ததும் ஷஃபி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். சீல் பிரிக்கவில்லை.

"ஆஸிஃபா நேத்துல இருந்து கேட்டுக்கினே இருக்கா. நாந்தான் தொடாதன்னுட்டேன். நீ பிரிடா. மொதல்ல நீ வீடியோ எடு. எங்கத்தாவுக்கு நீ செஞ்சதுக்கு வேற என்ன குடுக்கப்போறேன் நான்?"

பிரிட்டோ பெட்டியைத் தொடவில்லை.

"நீ நல்லதுதான்டா சொன்ன," என்றான் ஷஃபி. "எனக்குத்தான் பேராச. அல்ப லேப்டாப்பு, அதுக்குப் போயி எங்கத்தாவ பாக்காம இருந்துட்டேன். தெனம் நெனச்சி நெனச்சி செருப்பால அடிச்சிக்கணும் போல இருக்குது."

அதைக் கேட்டுக்கொண்டு பிரிட்டோவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தான் செய்ததை நண்பன் தூக்கிச் சுமந்துகொண்டிருக்கிறான், அதுவும் நன்றி சொல்லிக்கொண்டு. "உனக்குப் பேராச இல்லடா, எனக்கு," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினான். முதல் வீடியோ போட ஆசைப்பட்டது, ஆள் மூலம் அனுப்புகிறேன் என்றபோது தடுத்தது, ஒன்றையும் விடவில்லை.

ஷஃபி நிமிர்ந்து பார்த்தான். "அன்னிக்கு வலது கைப்பக்கம் ஒண்ணு இருந்துதே. அது போதுமாடா அவளுக்கு?"

"போதும்டா. நாலு வருஷத்துக்கும் போதும்."

அடிப்பான் என்று நினைத்தான் பிரிட்டோ. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிரிட்டோ கட்டிலில் வைத்திருந்த பைக் சாவியை எடுத்து ஷஃபி பெட்டியின் சீலைக் கிழித்தான். "ஆஸிஃபா," என்று கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தான். ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்த பெண், அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, வாங்கியதைத் திறந்துகூடப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"எங்கம்மாகிட்ட சொல்லு," என்றான் ஷஃபி. "கம்பெனி லீவு தரலன்னு நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு வாய் வரல. நீயே சொல்லு."

பிரிட்டோ திரைக்கு முன்னால் போய் நின்றான். "அம்மா, நான் பிரிட்டோ."

"வாப்பா. சாப்டியா?" என்றார் கரீமா உள்ளேயிருந்து.

"ஷஃபி ஆகஸ்ட்ல வராததுக்குக் கம்பெனி காரணம் இல்லம்மா. நாந்தான் வராதன்னு சொன்னேன். ஆஸிஃபாவுக்கு நல்ல லேப்டாப்பு வரப்போகுதுன்னு சொல்லித் தடுத்தேன். அவளுக்காகக்கூட இல்லம்மா. என் சேனலுக்காக."



"கம்பெனி லீவு குடுத்துச்சா?" என்று கரீமா கேட்டார்.

"குடுத்துச்சும்மா."

"ஆகஸ்ட்லயே?"

"ஆகஸ்ட்லயே."

"அல்லாவே," என்றார். மறுபடி பேசும்போது குரல் உடைந்திருந்தது. "லீவு தரலன்னு அந்த மேனேஜருக்கு அஞ்சு வேளையும் தொழுதுட்டு நான் பதுவா குடுத்துக்கினு இருந்தேனேப்பா. என் புள்ளைக்கு வந்த மாரி அவன் புள்ளைக்கும் வரணும்னு கேட்டேன். அவன் யாரோ, என்ன பேரோ. ஒண்ணும் செய்யாதவன்."

"மன்னிச்சிடுங்கம்மா."

"திட்டறதுக்கு ஒரு ஆளு இருந்தான். திட்டிட்டா ராத்திரி கொஞ்சம் கண்ண மூடுவேன். இனிமே யார திட்டுவேன்? என் புள்ளையையா? அவன் ஏற்கெனவே செத்துப் பொழச்சி வந்திருக்கான். உன்னையா? அவன் போட வேண்டிய மண்ண போட்ட கைப்பா உன்னுது. அத நான் எப்படிப்பா திட்டுவேன்?"

"திட்டுங்கம்மா," என்றான் பிரிட்டோ. அவன் அழுதுகொண்டிருந்தான். "கால்ல விழறேன், திட்டுங்க."

திரைக்கு அந்தப் பக்கம் கரீமா எழுந்து உள்ளே போகிற சத்தம் கேட்டது.