சர்வரை நிறுத்திய நாள்

அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் எல்லோரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவரான மேலாளர்கூட வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, இருமிச் சமாளிப்பார். அவருக்குப் பிரிவில் வைத்திருந்த பெயர் 'நிக்காது சார்'. "எங்க சர்வர் நிக்கவே நிக்காது" என்று நிர்வாகத்துக்கு வாக்குக் கொடுத்தவர் அவர். அந்த வாக்கைக் காப்பாற்றும் வேலை அக்காவின் தலையில் விழுந்தது.

மருத்துவமனை முழுவதற்குமான மையக் கணினியான அந்தச் சர்வருக்குள் மருந்து, பரிசோதனை, படுக்கை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மென்பொருள் பகுதி இருந்தது. ஒன்றை மாற்ற மொத்தத்தையும் நிறுத்தத் தேவையில்லை. ஓடுகிற சர்வரிலேயே பழைய பகுதியைக் கழற்றிவிட்டுப் புதியதை ஏற்றிவிடலாம். வார்டில் இருப்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆரம்பத்தில் அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கழற்றியது எப்போதும் முழுசாகப் போய்விடுவதில்லை. உள்ளே வேறு ஏதாவது அதைப் பிடித்துக்கொண்டிருந்தால், பழசு நினைவகத்திலேயே கிடக்கும். வருஷக்கணக்கில் நிறுத்தாத சர்வரில் அப்படிக் கிடந்தவை ஏராளம். நினைவகம் நிரம்பும், சர்வர் திணறும், அவள் எதையாவது தட்டிக்கொட்டி அதை மூச்சுவிட வைப்பாள். விடுப்பு எடுத்தாலும் மடிக்கணினி கூடவே வரும். நாத்தனார் கல்யாணப் போட்டோக்களில் பாதியில் அவள் போனைக் காதில் வைத்தபடிதான் நிற்கிறாள்.

அன்று காலை, குழந்தைகளுக்கான மருந்து அளவைக் கணக்கிடுவதில் ஒரு திருத்தம். புதிய மருந்துப் பகுதியை ஏற்றினாள். ஏறிவிட்டது என்று திரை சொன்னது. டீ குடிக்க எழுந்தபோது மருந்தகத்திலிருந்து போன். ஒரே குழந்தைக்கு மருந்தகத் திரையில் ஓர் அளவு, வார்டுத் திரையில் வேறோர் அளவு காட்டுகிறதாம்.

உள்ளே தேடிப் பார்த்தாள். கழற்றிய பழைய பகுதி இன்னும் உயிரோடிருந்து, வார்டு கேட்பதற்கெல்லாம் அதுவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அளவு எதையும் நம்ப வேண்டாம், டாக்டரிடம் கேட்டே கொடுங்கள் என்று இரண்டு இடத்துக்கும் சொல்லிவிட்டு, மறுபடி கழற்றி ஏற்றிப் பார்த்தாள். மசியவில்லை.

மேலாளரிடம் போனாள். "நிறுத்தி மறுபடி கிளப்பணும் சார். வேற வழியில்ல."

இன்னொரு தடவை ஏற்றிப் பார்க்கச் சொன்னார். பார்த்தாயிற்று என்றாள். மேலே போய் நான் எந்த முகத்தோடு நிற்பது என்று கேட்டார். வாதாட அவளிடம் தெம்பில்லை. எழுந்து குழந்தைகள் வார்டுக்கு நடந்தாள்.

தலைமை நர்ஸ் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நீங்கள் எதையாவது மாற்றும்போதெல்லாம் இப்படித்தான் ஆகிறது, அதனால் பல மாதமாக ஒவ்வோர் அளவையும் மருந்தகத்துக்குப் போன் செய்து வாய்விட்டுச் சரிபார்த்துத்தான் கொடுக்கிறோம் என்றார்.

"ஏன் எங்ககிட்ட சொல்லல சிஸ்டர்?"

"சொன்னோமே. சர்வர் நிக்கலையே, எல்லாம் ஒழுங்காத்தான் ஓடுதுன்னு பதில் வந்துச்சு. அப்புறம் சொல்றத விட்டுட்டோம்." அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அக்காவை என்னவோ செய்தது. சர்வரைத் தூக்கிச் சுமப்பது தான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"நிறுத்துங்க. எப்ப நிறுத்தறீங்க, எப்ப வருதுன்னு மட்டும் சொல்லிடுங்க. நடுவுல நாங்க பாத்துக்கறோம்."

திரும்பி வந்து, கேட்டதை ஒன்றுவிடாமல் மேலாளரிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தானே போனை எடுத்து ஒவ்வொரு வார்டாகத் தகவல் சொன்னார். எல்லோரும் சரி என்ற பிறகு அவள் நிறுத்தினாள். இத்தனை வருஷம் பயந்த காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்தது.

கிளப்புவதுதான் சுலபமாக இல்லை. மருந்துப் பகுதி எழுந்தது, படுக்கைப் பகுதி எழுந்தது, பரிசோதனைப் பகுதி எழவே இல்லை. ஆய்வகக் கருவியைச் சர்வர் தேடிப் பிடிக்கும் நெட்வொர்க் முகவரியை யாரோ எப்போதோ ஓடுகிற சர்வரில் மாற்றியிருக்கிறார்கள், கோப்பில் சேமிக்கவில்லை. நின்றதும் அது காற்றோடு போய்விட்டது. ஆய்வகத்துக்கு ஓடி, அங்கிருந்தவரோடு சேர்ந்து கருவியைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்னால் ஒட்டியிருந்த சீட்டில் முகவரியைப் படித்துக்கொண்டு வந்து கோப்பில் சேர்த்தாள். அதுவரை அடித்த போனுக்கெல்லாம் மேலாளரே பதில் சொன்னார். "ஆமாங்க, நின்னிருக்கு. நாங்கதான் நிறுத்தினோம்" என்று அவர் சொன்னபோது பிரிவே திரும்பிப் பார்த்தது.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி எல்லாம் எழுந்தன. இரண்டு திரையிலும் ஒரே அளவு. அக்கா வார்டுக்குச் சொன்னாள்.

"கொஞ்ச நாளைக்குப் போன் பண்ணிக் கேட்டுத்தான் குடுப்போம். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார் தலைமை நர்ஸ்.

"கேளுங்க சிஸ்டர். நானே எடுக்கறேன்."

மேலாளரை மேலே கூப்பிட்டார்கள். வாடிய முகத்தோடு திரும்பினார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம். ஆனாலும் மாதத்தில் ஒரு நாள் காலை, முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் சர்வரை நிறுத்த ஒப்புதல் வாங்கி வந்திருந்தார். பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தவளைப் பார்த்துக் கணவன் என்ன ஆச்சு என்று கேட்டான்.

"நிறுத்திட்டேன்" என்று கட்டிலில் சாய்ந்தாள்.

"வேலையையா?"

"சர்வரை."

அவன் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது போலிருந்தது. என்னவென்று கேட்க நினைத்தாள். அதற்குள் தூங்கிப்போனாள்.