கொல்லைக்காரன்

முத்துச்சாமி மேஸ்திரி தைப்பூசத்துக்கு மாலை போட்டிருந்தார். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டத்துக்குப் பாட்டிலும் இல்லை, கறியும் இல்லை. வெங்காயப் பேட்டையில் வாரம் முழுக்க மூட்டை தூக்குகிற நாங்கள் ஞாயிறு மத்தியானம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அந்த வாரம் என் வீடு. சாம்பார் சோற்றைத் தின்றுவிட்டு ஒருவர் மூஞ்சியை ஒருவர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? அதற்காகத்தான் கொலை விளையாட்டை யோசித்தேன்.

ராஜா, ராணி, போலீஸ், திருடன் என்று பிள்ளைகள் சீட்டுக் குலுக்கி விளையாடுமே, அதுதான் இதற்கு மூலம். சின்ன வயதில் எனக்கு எழுத்துத் தெரியாது. வந்த சீட்டைப் பக்கத்திலிருப்பவனிடம் காட்டித்தான் நான் யாரென்று தெரிந்துகொள்வேன். திருடன் வந்த அன்றெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வேன். நாற்பது வயதில் அறிவொளி வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டிய பிறகு, மாத நாவலில் கொலைக்கதைகளாகத் தேடிப் படித்தேன். இதையும் அதையும் சேர்த்துக் கட்டியதுதான் என் விளையாட்டு.

ஒரு பயம் மட்டும் இருந்தது. போன வருஷம் பேட்டைப் பலகையில் சாக்பீஸால் 'வெங்கயம்' என்று கால் விட்டு எழுதிவிட்டேன். எட்டாவது வரை படித்த கிளெமென்ட் ஒரு மாதம் என்னை "யோவ் வெங்கயம்" என்றே கூப்பிட்டான். அதனால் இந்த நாலு சீட்டையும் மூன்று நாள் சோற்று நேரத்தில் லாரி நிழலில் உட்கார்ந்து மூன்று தடவை எழுதினேன். ஒரு கால், ஒரு புள்ளி தப்பாமல் பார்த்தேன்.

ஞாயிறு வந்தது. ஒரு வெங்காய மூட்டைக்கு என் பழைய சட்டையை மாட்டி மூலையில் படுக்க வைத்தேன். அவர்தான் செத்துப்போன ஜமீன்தார். கதைப்படி அவர் அறை வெளியே பூட்டியிருந்தது. பூட்டின் சாவி சுவர் மாடத்தில் இருந்தது. என் மனைவி இஞ்ஞாசியம்மாள்தான் போலீஸ்.

"ஏட்டம்மா, லத்தி எங்க?" என்றான் கூட்டாளி மூக்கையா.

"கரண்டி இருக்கு. போதுமா?" என்றாள் அவள்.

சட்டம் சொன்னேன். சீட்டில் உள்ளதை யாரும் யாருக்கும் காட்டக்கூடாது. ஏட்டம்மா விசாரித்து ஆளைப் பிடித்த பிறகு அவரவர் சீட்டைச் சத்தமாகப் படிக்கவேண்டும். மூன்று சீட்டில் சமையல்காரன், வண்டிக்காரன், வைத்தியன். நாலாவதில் இப்படி இருந்தது: 'நீ கொலைகாரன். மாடத்தில் உள்ள சாவியை யாரும் பார்க்காமல் எடுத்து ஒளித்து வை. கேட்டால் இல்லை என்று சொல்.'

சீட்டைக் குலுக்கிப் போட்டேன்; நாலு பேரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். மூக்கையா உதட்டை அசைத்து அசைத்துப் படித்தான். அவனும் என் அறிவொளி வகுப்புதான். நைனா முகமது கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். கிளெமென்ட் ஒரு பார்வை பார்த்துச் சிரித்தான். மேஸ்திரி சீட்டைப் பிரித்து, கொஞ்ச நேரம் பார்த்து, "சரி" என்று மடித்து மடியில் செருகினார்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டே மாடத்தைப் பார்த்தேன். சாவி இருந்தது. சாம்பார் முடிந்து ரசம் வந்தது. சாவி அப்படியே இருந்தது. கொலைகாரன் யாரோ, ஏன் எடுக்கவில்லை? நான் எழுதியது விளங்கவில்லையா? எங்கே தப்பு விட்டேன்? மாடத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் மோர் நைனாவின் வேட்டியில் சிந்திவிட்டது.

"ஏப்பா செபஸ்தி, கொலகாரன் நீதான் போலருக்கு" என்றார் நைனா.

சிரிப்புக்கு நடுவில் மேஸ்திரியைப் பார்த்தேன். அப்போதுதான் அது உறைத்தது. சீட்டைப் பார்த்தபோது அவர் கண் ஓடவில்லை. படிக்கிறவன் கண் வரி வரியாக ஓடித் திரும்பும். அவர் கண் சீட்டின் நடுவில் ஒரே இடத்தில் நின்றது. பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயர்ப் பலகைக்கு முன்னால் நானும் இருபது வருஷம் அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

தினம் காலையில் டீக்கடையில் பேப்பரை விரித்து எங்களுக்கு நாட்டு நடப்புச் சொல்கிறவர் அவர். அறிவொளிக்காரர்கள் பேட்டைக்கு ஆள் பிடிக்க வந்தபோது, "நான் தெனம் பேப்பர் பாக்குறவன். இந்தப் பயலுகளக் கூட்டிட்டுப் போங்க" என்று எங்களைத் தள்ளிவிட்டவரும் அவர்தான்.

இஞ்ஞாசி கரண்டியோடு விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

"மேஸ்திரிண்ணே, நீங்க எங்க இருந்தீக?"

"நான் எங்க இருந்தேன்? வேலையப் பாத்துட்டுக் கெடந்தேன்."

"ஜமீன்தாரக் கொன்னது நீங்களா?"

"ஏத்தா, மாலை போட்டவனப் பாத்து என்ன கேள்வி கேக்குற? இந்தா, மாலையத் தொட்டுச் சொல்றேன். முருகனறிய நான் இல்ல."

விளையாட்டுக்கு மாலையைத் தொடுவார்களா? இஞ்ஞாசி அவரை விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டேயிருந்த கிளெமென்ட்டைக் கரண்டியால் தட்டி, "இவந்தான்" என்றாள்.

"சட்டப்படி படிப்போம்" என்று கிளெமென்ட் சீட்டை விரித்தான். வைத்தியன். மூக்கையா எழுத்துக் கூட்டிச் சமையல்காரன் என்றான். நைனா வண்டிக்காரன்.

மிச்சம் ஒரே சீட்டு. நாலு தலையும் மேஸ்திரி பக்கம் திரும்பின.

"அடப் பாவி சாமி!" என்று மூக்கையா வாயில் கை வைத்தான். "மாலையத் தொட்டீகளே!"

மேஸ்திரியின் முகம் வெளுத்துவிட்டது. சீட்டை எடுத்தார், விரித்தார், பார்த்தார்.

"படிங்க மேஸ்திரி" என்றான் கிளெமென்ட். "சத்தமா."

அவர் தொண்டையைச் செருமினார். அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. எட்டிச் சீட்டைப் பிடுங்கினேன்.

"தப்பு என் பேருலப்பா" என்றேன். "இப்பத்தான் பாக்குறேன். கொலைகாரன்னு எழுதுறதுக்குக் கொல்லைக்காரன்னு எழுதித் தொலைச்சிருக்கேன். அவர் தன்னைத் தோட்டக்காரன்னு நெனைச்சுட்டார். அவர் சொன்னதுல பொய் இல்ல."

கிளெமென்ட் சிரித்துத் தரையில் உருண்டான். "கொல்லைக்காரனா! கொலை செஞ்சவன் என்ன செய்யணும்னுகூடவா எழுதல?"

"மறந்துட்டேன்."

"குடுண்ணே, அந்த அழகப் பாப்போம்."

அவன் கை நீளுமுன் சீட்டை வாயில் போட்டுக்கொண்டேன். மூன்று தடவை எழுதியதில் அதுதான் நல்ல எழுத்து. அதை மென்று விழுங்கித் தண்ணீர் குடித்தேன். மூக்கையா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். இஞ்ஞாசி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். மேஸ்திரி யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, "வாரேன்" என்று போய்விட்டார்.

மறுநாளே அவர் பழனிக்கு நடக்கத் தொடங்கிவிட்டார். நான் அந்த வாரம் தூங்கிய தூக்கம் எனக்குத்தான் தெரியும். காப்பாற்றினேனா, இல்லை, எனக்குத் தெரிந்துபோனதை அவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டேனா? இனி என்னைக் கூட்டத்தில் வைத்துக்கொள்வாரா? பேட்டையில் 'வெங்கயம்' போய்க் 'கொல்லைக்காரன்' வந்திருந்தது. டீக்கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

எட்டாம் நாள் மொட்டைத் தலையோடு மேஸ்திரி வந்தார். எல்லோருக்கும் பஞ்சாமிர்தம் கொடுத்தார். எனக்குக் கொடுத்துவிட்டு, லாரிக்குப் பின்னால் வரும்படி தலையை ஆட்டினார். போனேன்.

"அந்தச் சீட்டுல நெசமாவே என்னலே எழுதியிருந்த?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கொலைகாரன்னுதாண்ணே."

அவர் லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மலை மேல நின்னு கும்புடுறேன், என்னத்துக்கு மன்னிப்புக் கேக்குறதுன்னு தெரியல. எழுதியிருந்தது என்னன்னு தெரிஞ்சாத்தான கேக்க முடியும்?"

"தெரியாமச் சொன்னது பொய்யாகாதுண்ணே."

"வேற என்ன எழுதியிருந்த?"

"மாடத்துச் சாவிய எடுத்து ஒளிச்சு வைக்கச் சொல்லி."

"எங்க?"

"அது உங்க இஷ்டம்."

அவர் யோசித்தார். "நானா இருந்தா அந்தச் செத்தவன் சட்டைப் பையிலேயே போட்டிருப்பேன். ஒருத்தனும் தேடியிருக்க மாட்டான்" என்றார்.

அந்த இடம் எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று நாள் யோசித்தும் தோன்றவில்லை.

லாரியில் சரக்கு இறக்கத் தொடங்கிவிட்டார்கள். மேஸ்திரி மேலே ஏறி நின்று ஒரு மூட்டையைச் சரித்து என் தலையில் வைத்தார். பிறகு பேட்டை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"ஏலே கொல்லைக்காரா! பாத்துப் போ!"

எல்லோரும் சிரித்தார்கள். மூட்டை கழுத்தை அமுக்கியதால் நான் மேலே பார்க்கவில்லை.