நொடிக்கு ஐந்தரை

தராசு பழுதுபார்க்கும் அவளுக்குத் தொழிலில் இரண்டு கொள்கைகள் இருந்தன: காரணம் தெரியாமல் ஒரு திருகைத் தொடுவதில்லை, தொட்ட திருகைப் பாதியில் விடுவதில்லை. வீட்டின் முன்னறைதான் பட்டறை. மருந்துக் கடை, நகைக் கடை, பேக்கரி என்று சுற்றுவட்டாரத்து மின்னணுத் தராசுகளெல்லாம் சீக்கு வந்தால் அந்த மேசைக்குத்தான் வந்து சேரும்.

அந்த வியாழக்கிழமை காலையில், அவளுடைய கொழுந்தன் தோளில் கித்தார்ப் பையும் கையில் ஒரு தகர டப்பாவுமாக வந்து நின்றான். ஆறு மாதத்திற்கு முன் அவன் கேட்டு அவள் செய்து கொடுத்த பெடல் அது. பழைய பிஸ்கட் டப்பா. மேலே காலால் மிதிக்கும் பொத்தான், ஒரு குமிழ், ஒரு சிவப்பு விளக்கு. மிதித்தால் கித்தாரின் ஒலி ஏறி இறங்கி, ஏறி இறங்கி அலையடிக்கும். எவ்வளவு வேகத்தில் என்பதைக் குமிழ் தீர்மானிக்கும். அதே வேகத்தில் விளக்கும் மினுக்கும்.

"வேகத்தை மாத்தணும் அண்ணி."

"போன மாசம்தானே மாத்தினேன்? நொடிக்கு நாலோட நின்னதை எட்டு வரைக்கும் ஏத்திக் குடுத்தேன். எட்டும் பத்தலையா? பறக்கப் போறியா?"

"கூட்ட வேண்டாம், குறுக்கணும். குமிழை இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிவரைக்கும் திருப்பினாலும் அஞ்சுக்குக் கீழ இறங்கக் கூடாது, ஆறுக்கு மேல ஏறக் கூடாது."

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். வாசிப்பவர்கள் வரம்பை அகலப்படுத்தத்தான் கேட்பார்கள். பத்து ஏக்கர் நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பின்மேல் வீடு கட்டித் தரச் சொல்பவனைப்போல இவன் கேட்டான்.

"எதுக்கு?"

"பாட்டுக்குத்தான் அண்ணி."

"எந்தப் பாட்டு அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல குடியிருக்கு?"

"ஞாயித்துக்கிழமை வாசிக்கிற பாட்டு." சிரித்தான். சிரித்த வாய் மூடுமுன்பே பார்வை மேசைக்கு இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை என்னவென்று அவளுக்குத் தெரியும். ஹோட்டல் ஒன்றில் மாலைதோறும் வாசிக்கும் குழுவில் அவன் ஏழு வருடங்களாக இருக்கிறான். குழுத்தலைவி அன்று ஒவ்வொருவரையும் தனித்தனியே வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அடுத்த ஆண்டுக்கு யார் யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யப்போகிறாள். கித்தாரைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை என்பான் அவனுடைய அண்ணன்.

'பாட்டுக்கு' என்பது அவள் கணக்கில் காரணமாகாது. ஆனாலும் கொழுந்தன் என்று ஒரு சலுகை.

வேலை எளியதுதான். வேகக் குமிழை எடுத்துவிட்டு, அதைவிட மின்தடை குறைந்த குமிழ் ஒன்றைப் போட்டு, அதற்கு முன்னால் ஒரு ரெசிஸ்டரைச் சேர்க்க வேண்டும். ரெசிஸ்டர் வேகத்தை ஓரிடத்தில் பிடித்து நிறுத்தும். குமிழ் அதைக் கொஞ்சம் மட்டும் நகர்த்தும். அவள் நான்கு ரெசிஸ்டர்களை அளந்து, மூன்றை ஒதுக்கி, நான்காவதைப் பற்றவைத்தாள். டப்பாவை மூடாமலே மின்சாரம் கொடுத்து மீட்டரை வைத்தாள்.

"நடுவுல அஞ்சரை. போதுமா?"

பார்ப்பதற்காக அவன் குனிந்தான். ஊன்றிக்கொள்ள இடம் தேடிய வலக்கை, பக்கத்திலிருந்த மருந்துக் கடைத் தராசின் தட்டில் போய் அமர்ந்தது. கிராமில் பத்தில் ஒரு பங்கையும் காட்டும் தராசு அது. ஆட்டத்தை வடிகட்டி எண்ணை நிற்கவைக்கும் அமைப்பு ஒன்று அதில் உண்டு. சோதிப்பதற்காக அதை அணைத்து வைத்திருந்தாள்.

"என் கை எவ்வளவு தேறும் அண்ணி?"

எண் நிற்கவில்லை. அவள் முதலில் தராசைத்தான் சந்தேகித்தாள். மேசையைத் தொட்டுப் பார்த்தாள், அசைவில்லை. மின்விசிறியை நிறுத்தினாள், எண் அப்போதும் ஏறி இறங்கியது. பிறகுதான் அருகே மினுக்கிய சிவப்பு விளக்கைக் கவனித்தாள். விளக்கு எரிகையில் எண் ஏறியது, அணைகையில் இறங்கியது. சற்று நேரத்தில் இரண்டும் பிரிந்தன, மறுபடி சேர்ந்துகொண்டன.

"எத்தனை நாளா?" என்றாள்.

கை தட்டிலிருந்து விலகியது. எண் பூஜ்யத்திற்கு வந்து, ஒன்றும் அறியாததுபோல் நின்றது.

"எது?"

"நான் தராசுக்காரி தம்பி. என்கிட்டயேவா?"

அவன் முக்காலியில் உட்கார்ந்தான். "எட்டு மாசம். சும்மா தொங்கவிட்டா ஒண்ணும் இல்ல. எதையாவது பிடிச்சா, ஊன்றினா வந்துடுது. மெதுவான பாட்டுல ஒலியும் சேந்து ஆடுது. அதே வேகத்துல பெட்டியும் ஆட்டினா, ஆடுறது பெட்டிதான்னு நினைச்சுக்குவாங்க."

"அப்ப இந்தப் பெட்டி கேட்டதே..."

"ஆமா அண்ணி."

ஆறு மாதமாக வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட கைவேலை ஒரு முக்காடு என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"டாக்டர்?"

"போகல. அப்பாவை ஞாபகம் இருக்கா?"

மாமனாரை எப்படி மறப்பது? முப்பது வருடம் எழுத்தராக இருந்து, முத்துக் கோத்ததுபோல் எழுதிய மனிதர். கடைசி வருடங்களில் கை நடுங்கி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார். ஒரு சொட்டுத் தொடாதவரைக் குடிகாரர் என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவரும் கடைசிவரை மருத்துவரிடம் போகவில்லை.

"டாக்டர் ஒரு பேர் வெச்சிட்டா அது நிஜமாயிடும் அண்ணி."

"பேர் வைக்காட்டியும் பிள்ளை பிள்ளைதான்."

அவள் கடிந்துகொள்ளவில்லை. டப்பாவை மூடி நான்கு திருகுகளையும் இறுக்கியபடியே பேசினாள்.

"ரோட்டோரக் கடைக்காரங்க, எண்ணு நிக்க மாட்டேங்குது, வடிகட்டியைப் போட்டுக் குடுங்கன்னு கேப்பாங்க. குடுப்பேன். ஆனா ஆட்டம் எங்கேருந்து வருதுன்னு பாத்துட்டுத்தான். பாதி இடத்துல மேசைக்காலுக்கு ஒரு அட்டை சொருகினாலே போதும்." டப்பாவைத் தன் பைக்குள் போட்டாள். "நாளைக்கு நாம டாக்டர்கிட்ட போறோம். பாத்துட்டு வெளிய வந்ததும் இதைக் கையில குடுத்துடுறேன்."

"மிரட்டுறீங்க."

"ஆமா."

மறுநாள் மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்துச் சுருள் வரையச் சொன்னார். கோடு ரம்பப் பல்லாக வந்தது. நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், அப்பாவைப் பற்றிக் கேட்டார். குடும்பத்தில் வரும் நடுக்கம்தான், அவன் பயந்த பெரிய நோய்க்கு அடையாளம் எதுவும் இல்லை என்றார். முழுக்க மறையாது, மாத்திரை சிலருக்குக் கேட்கும், நான்கு வாரம் பார்க்கலாம்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அவன் அழுதான். தனக்காக அல்ல. "பாவம் அண்ணி அவரு. ஒரு தாள்ல சுருள் போட்டுக் காட்டியிருந்தா போதும், குடிகாரன்னு ஒருத்தன் சொல்லியிருக்க முடியாது."

சொன்னபடி அவள் டப்பாவை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"குடுத்துட்டேன். இனி உன் பாடு."

திங்கட்கிழமை காலையில் அதே டப்பாவோடு அவன் மறுபடி வந்தான். அவள் கையிலிருந்த தராசைத் தள்ளி வைத்தாள்.

"முதல் பாட்டுக்கு மிதிச்சேன், தலைவி பேசாம கேட்டாங்க. ரெண்டாவதுக்கு மிதிக்கல. கை ஆடுதேன்னாங்க. ஆடுது, அதுக்கு டாக்டர் வெச்ச பேரும் இருக்குன்னேன்."

"அப்புறம்?"

"மெதுவான தனிப்பாட்டு ரெண்டையும் இனி வயலின்காரர் வாசிக்கட்டும், மத்ததுக்கு நீதான்னுட்டாங்க."

அந்த இரண்டும் அவனுக்கு உயிர் என்பது அவளுக்குத் தெரியும். முக்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் உட்காரவில்லை. டப்பாவை மேசைமேல் வைத்தான்.

"குமிழைப் பழையபடி அகலமாக்கிக் குடுங்க அண்ணி. ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும்."

"எதுக்கு?"

"பாட்டுக்குத்தான் அண்ணி."

அவள் கண்ணாடிக்கு மேலாக அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, முதல் திருகைக் கழற்றினாள்.