பேர் சொன்ன ஆள்

மகள் பிறந்த ஒன்பதாம் நாள் சுப்ரியா ஒரு பெயர் சொன்னாள். பூபதி செல்போனில் தேடி வைத்திருந்த நாற்பது பெயர்களும் அதன் முன்னால் ஒன்றுமில்லாமல் போயின.

"இஞ்சரா. கன்னடப் பேருங்க. குருவிங்க கூடிக் கத்துமே, அந்த இனிமையான சத்தம்னு அர்த்தம்."

பூபதிக்கு உடனே பிடித்துவிட்டது. இன், சுரம் என்று பிரித்தால் நம் வார்த்தை மாதிரியே இருக்கிறதே என்று மகிழ்ந்தான். மூக்கண்டப்பள்ளியில் அவன் லேத் ஓட்டும் கம்பெனியில் ஷிஃப்ட் முடிவதற்குள் பத்துப் பேரிடம் சொல்லியாகிவிட்டது. மாலையில் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டான்.

"இந்தப் பேரை எங்க புடிச்ச?"

"கல்யாணத்துக்கு முன்ன அத்திப்பள்ளி கம்பெனிக்குப் போனேனே, அங்க ராஜசேகர்னு ஒரு சூப்பர்வைசர். அவருக்கு அப்பக் கல்யாணம் ஆகல. தனக்குப் பொண்ணு பொறந்தா இதான் பேருன்னு சொல்லிட்டே இருப்பாரு." சொல்லும்போது சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் தைத்தது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இந்த ராஜசேகரைப் பற்றி அவள் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. ஒன்றுமில்லாத ஆள் என்றால் பேசியிருப்பாளே? கல்யாணமாகாத ஒருவன், தனக்குப் பிறக்கப்போகும் பெண்ணின் பெயரை இவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?  சுப்ரியா "இஞ்சு, இஞ்சு" என்று மகளைக் கொஞ்சியபோது, வேறு யாருடைய பிள்ளையையோ கொஞ்சுவதுபோல் பூபதிக்கு இருந்தது.

"வேற பேரு பாக்கலாம்" என்றான் மறுநாள்.

"ஏங்க? உங்களுக்குப் புடிச்சிருந்துதே?"

"இப்பப் புடிக்கல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்காததையும் அவன் சந்தேகக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டான்.

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, மாநில எல்லையான ஜூஜுவாடியைத் தாண்டி பைக்கை விட்டான். அத்திப்பள்ளி கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியிடம் சொல்லி ராஜசேகரை வரவழைத்தான். வாட்டசாட்டமான ஒருவனை எதிர்பார்த்து நின்றவன் முன்னால், முன்வழுக்கையும் சிறு தொப்பையுமாக ஒருவர் வந்து நின்றார்.

"என் வீட்டுக்காரி முன்ன இங்க பேக்கிங்ல இருந்தா சார். சுப்ரியா."

ராஜசேகர் நெற்றியைத் தேய்த்தார். "கொத்தில்ல சார், நினைப்பு வரல. எத்தனையோ பொண்ணுங்க வந்து போறாங்க. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வேணுமா?"

"நாலு வருஷம் இருந்தா சார்!" பூபதியின் குரல் அவனையறியாமல் உயர்ந்தது.

"சாரி சார்."

"உங்களுக்குக் குழந்தைங்க?"

"ஒரு பொண்ணு. சான்வி. வீட்ல அவங்கதான் நெட்ல பாத்து வச்சாங்க."

"இஞ்சரான்னு ஒரு பேரு..."

"ஆஹா, நல்ல கன்னடப் பேராச்சே! உங்க பொண்ணுக்கா?" முதல்முறை கேட்பவர்போல முகம் மலர்ந்தார்.

பூபதியின் நெஞ்சில் இருந்த பாரம் அத்தோடு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் வேறொரு கோபம் வந்தது. நாலு வருஷம் கண்முன்னால் நின்ற சுப்ரியாவை ஒருத்தன் எப்படி மறப்பான்?

ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்க உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். "யாழினின்னு சொல்லிடுங்க" என்றாள் சுப்ரியா, யார் முகத்தையும் பாராமல். பூபதியின் செல்போன் பட்டியலில் இருந்த பெயர் அது. பூபதி மகளின் காதருகே குனிந்து, மூன்று முறையும் இஞ்சரா என்றே சொன்னான். கூடியிருந்தவர்களுக்கும் கேட்டது. சுப்ரியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு கேட்டாள்: "நேத்து அத்திப்பள்ளிக்குத்தான போனீங்க?"

"ஆமா."

"அவருக்கு என்னைய ஞாபகம் இருக்குதா?"

இல்லை என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அவள் முகம் வாடக்கூடும். வாடினால், ஏன் வாடியது என்று ஆயுசுக்கும் அவன் யோசிக்க வேண்டியிருக்கும்.

"விசாரிச்சாரு" என்றான்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டு அவள் குழந்தையைப் பால் கொடுக்க எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையில் என்ன இருந்தது என்று பூபதிக்கு இன்றுவரை பிடிபடவில்லை.